பெயிண்ட் காயவில்லை என்று சொன்னேன்

2008-ஆம் வருடம், ஆனி மாதம். கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஐஸ் கம்பெனியில் நடந்தது இது. நான் அப்போது எலெக்ட்ரீஷியன். இப்போதும் அதேதான். ஆனால் அப்போது இருந்த திமிர் இப்போது இல்லை.

செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளில் நாலு வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒயர் எல்லாம் இரும்புப் பைப்புக்குள்தான் போகும். அந்தப் பைப்பை வளைக்க பெண்டர் என்று ஒன்று உண்டு. நீளமான கைப்பிடி, அதன் அடியில் பிறை மாதிரி ஒரு இரும்பு. பைப்பை அதில் மாட்டி, காலால் மிதித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தால் பைப் அழகாக வளைந்து வரும். இதில் எனக்குக் கை நன்றாக ஓடும். டேப் வைத்து அளப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பேன். என் டேப் என் சாண்தான் என்று பீற்றிக்கொள்வேன்.

அந்த ஐஸ் கம்பெனியில், ஐஸ் கட்டியை உடைக்கிற மெஷினுக்குப் புது லைன் இழுக்கச் சொல்லியிருந்தார்கள். சுவரில் மார்பு உயரத்தில், மாற்ற வேண்டிய பழைய பைப் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஐஸ் வாங்க வருகிற மீன்காரப் பெண்கள் தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கூடையை இறக்குவார்கள். தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை நனைத்துப் பிழிந்து அதன் மேலேயே போடுவார்கள். அங்கே தரையில் எப்போதும் தண்ணீர். பாதிப் பேர் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். இதையெல்லாம் நான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டேதான் அந்த வேலையைச் செய்தேன்.

கம்பெனி முதலாளியை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, பழக்கம். எனக்குச் சிதம்பரத்தில் பெண் பார்த்தவரும் அவர்தான். பெண் அவருடைய தூரத்துச் சொந்தம். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. "பையன் கைவேலை சுத்தம்" என்று அங்கே சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்குக் காலையில் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. ஒரே ஒரு பைப்தான் கையில் இருந்தது. வளைவு, பைப்பின் நீளத்தில் கொஞ்சம் தின்றுவிடும். அதைக் கழித்துத்தான் கோடு போட வேண்டும். நான் பெண்டரை மிதிக்கும்போது சிதம்பரத்தில் இருந்தேன். கழிக்க மறந்தேன். வளைத்துச் சுவரில் வைத்துப் பார்த்தால் மூன்று விரல் தள்ளி நிற்கிறது.

வளைத்த பைப்பை நிமிர்த்தி மறுபடி வளைக்கக் கூடாது. இந்த வேலையில் முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம் அது. பைப்பை ஒட்டியிருக்கிற தையல் உள்ளே விட்டுப் பிளந்துவிடும். வேறு பைப் வாங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். பன்னிரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மிதித்து நிமிர்த்தினேன், மறுபடி வளைத்தேன். வளைவின் வயிறு நசுங்கி, சுருக்கம் விழுந்திருந்தது. அது தெரியாமல் இருக்கச் சாம்பல் நிறப் பெயிண்டை இரண்டு தடவை கூடவே அடித்தேன். ஒயரை இழுக்கும்போது அந்த இடத்தில் பிடித்தது. சுவரில் கால் வைத்து வெடுக்கென்று இழுத்தேன், வந்துவிட்டது. பைப்பில் எர்த் கம்பியைச் சேர்க்கிற கிளிப் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. மெயினை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பஸ் ஏறினேன்.

சிதம்பரத்தில் நண்பனின் அறையில் குளித்து, புதுச்சட்டையை எடுக்கப் பையைத் திறந்தபோது மணி இரண்டு இருக்கும். சட்டைக்கு மேலே, ஒயர் இழுக்கிற ஸ்பிரிங்கைச் சுருட்டிப் போட்டிருந்தேன். அதன் நுனியில் சுற்றிய இன்சுலேஷன் டேப்பில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். ஒயரின் தோல். சீவி எடுத்த மாதிரி நீளமாக, சுருள் சுருளாக.

உள்ளே பைப் பிளந்திருக்கிறது. ஒயரின் தோல் உரிந்து, செம்பு பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். எர்த் இல்லை. மெயினைப் போட்டதும் அந்தப் பைப் முழுக்கக் கரண்ட் நிற்கும். நாலு மணிக்கு மெஷினைப் போடுவார்கள். ஈரத் தரை, ஈரக் கை, ஈரத் துணி.

"மச்சான், என்னாடா மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சி?" என்றான் நண்பன். நான் போனைத் தேடி எடுத்தேன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். பெண் வீட்டுக்குப் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டியில் இருந்தார்.

"சொல்லு மாப்ள, கெளம்பிட்டியா?"

உண்மையைச் சொல்லத்தான் போன் செய்தேன். கடவுள் சத்தியமாக அதற்குத்தான் செய்தேன். ஆனால் "மாப்ள" என்று அவர் கூப்பிட்டதும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"மாமா, அந்தச் செவுத்துப் பைப்ப யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க. பெயிண்ட்டு காயல."

"அவ்ளோதான? மிஷின்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். மோட்டார் போடலாமில்ல?"

நான் "ம்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். அந்த ஒரு எழுத்தை எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உடனே திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. மூன்று முறை, நான்கு முறை, அதே குரல். கம்பெனியின் நம்பர் என்னிடம் இல்லை. புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அந்தப் பஸ் ஊர் ஊராக நின்று நின்றுதான் வந்தது. பி.முட்லூரில் நின்றது. புதுச்சத்திரத்தில் ஒருவர் இரண்டு கோணியை ஏற்றுகிறேன் என்று ஐந்து நிமிடம் ஆக்கினார். அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் போனை அழுத்திக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கம் வரும்போது கண்ணை மூடினால், சும்மாட்டுத் துணியோடு ஒரு கை அந்தப் பைப்பைப் பிடிப்பது தெரிகிறது. கரண்ட் பிடித்தால் கை விடாது. அதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். செம்மங்குப்பம் வந்ததும் வழக்கமான கெமிக்கல் நெடி அடித்தது. சாமியிடம் பேரம் பேசினேன், கல்யாணமே வேண்டாம் என்றேன். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

முதுநகரில் இறங்கி ஓடினேன். தெருமுனையிலேயே அந்த மெஷின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. நாலு தாண்டிவிட்டது, சத்தம் இல்லை. என் வாழ்நாளில் நான் அதிகம் பயந்தது அந்த அமைதிக்குத்தான். வாசலில் செருப்புகள் கிடந்தன, உள்ளே கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தேன்.

நடுவில், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வலது கையை அக்குளில் இறுக்கி வைத்திருந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உயிரோடு இருந்தார். நான் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். மிஷின்காரர் கட்டையால் தட்டி மெயினை அணைத்திருந்தார்.

"நீதான் பைப்பு போட்ட தம்பியா?" என்றார் அந்த அம்மா.

தலையாட்டினேன்.

"பெயிண்ட்டு காயலன்னு இந்த மிஷின்காரரு சொன்னாரு. சரி, துணிய போடலாமா வேணாமான்னு ஒத்த வெரலால தொட்டுப் பாத்தேன் தம்பி. அப்பிடியே தூக்கி எறிஞ்சிடுச்சி."

நான் சொன்ன பொய்தான் அவரை ஒற்றை விரலால் தொட வைத்தது. பொய்யே சொல்லாமல் இருந்திருந்தால் எப்போதும் போல முழுக் கையால் பிடித்திருப்பார். அதனால் பொய்தான் காப்பாற்றியதா? எத்தனையோ நாள் இப்படி நினைத்து மனதை ஆற்றப் பார்த்திருக்கிறேன். ஆறவில்லை. காப்பாற்ற வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை நான் சொல்லவில்லை.

அங்கேயே சொன்னேன். "பெயிண்ட்டு இல்லம்மா. பைப்புல கரண்ட்டு வரும்னு எனக்குத் தெரியும்."

யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னையே பார்த்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரிஞ்சிதான் பெயிண்ட்டுன்னு சொன்னியா?"

நான் எழுந்து ஆட்டோ பிடிக்கப் போனேன்.

ஆட்டோவில் மஞ்சக்குப்பத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை கசங்கிய புதுச்சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்தில் பெண் வீட்டில் என் அம்மாவும் சித்தப்பாவும் பஜ்ஜித் தட்டின் முன்னால் காத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதன்பிறகு என்னை மாப்ள என்று கூப்பிடவும் இல்லை. அந்தச் சம்பந்தம் அத்தோடு போனது. வருத்தமே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மறுநாள் பைப்பைக் கழற்றி வளைவை அறுத்துப் பார்த்தேன். தையல் சுண்டுவிரல் நீளத்துக்குப் பிளந்து, பிளேடு மாதிரி விளிம்பு நின்றது. புதுப் பைப் வாங்கி, டேப் வைத்து அளந்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, கோடு போட்டு வளைத்தேன். எர்த் கட்டினேன். டெஸ்டரை வைத்துப் பத்து இடத்தில் பார்த்தேன். அந்த அம்மா ஒரு வாரம் கழித்து ஐஸ் வாங்க வந்தார். சும்மாட்டுத் துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு, பைப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்று என்னைப் பார்த்தார்.

"தம்பி, பெயிண்ட்டு காஞ்சிடுச்சா?"

கேலிக்குக் கேட்டாரா, பயந்து கேட்டாரா தெரியாது. நான் போய் அந்தப் பைப்பை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் அவர் துணியைப் போட்டார். இன்றைக்கும் எந்த வீட்டில், எந்தக் கம்பெனியில் வேலையை முடித்தாலும், மெயினைப் போடும் முன்னால் அந்தக் கேள்வி காதில் விழுகிறது. அதற்கு "ம்" என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடிவதில்லை.