வீட்டுல வரலையா?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேன் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. ‘இருபது நிமிஷம்’ என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். கடற்கரைச் சாலையில் ஒரே நாளில் ஐந்து கோயில்களைச் சுற்றிக் காட்டும் வேனுக்கு அவர் டிரைவர். ஒவ்வொரு கோயில் வாசலிலும் பக்கக் கதவை இழுத்துத் திறந்து, “இருபது நிமிஷம்தாங்க. அதுக்கு மேல சாமியே இருக்கச் சொன்னாலும் இருக்கக் கூடாது” என்பார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் சீட்டைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த மனிதர் பின்னே என்ன செய்வார்? பத்தொன்பதாவது நிமிஷம் தானாக விழிப்பு வந்துவிடும். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் ஓட்டினார்.

கிளம்பும்முன் தலை எண்ணுவது அவர் வழக்கம். திரும்பிப் பார்க்க மாட்டார். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்து, உதடு மட்டும் அசைய எண்ணுவார். பன்னிரண்டு சீட்டு வண்டி. பன்னிரண்டு வந்தால் சாவி திரும்பும், பதினொன்று வந்தால் ஹாரன் அலறும். “இந்தக் கையால ஒரு ஆளைக்கூட விட்டுட்டு வந்ததில்லை” என்று ஸ்டாண்டில் நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்குக் காது புளித்துப்போனது.

மனைவியை யாரிடம் பேசினாலும் ‘வீட்டுல’ என்றுதான் சொல்வார். “வீட்டுல சொன்னாங்க”, “வீட்டுல உடம்பு சரியில்லை.” வண்டியில் வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். தினமும் யாராவது ஒருவருக்கு அந்தக் கேள்வி வந்துவிடும். “ஏன் டிரைவர், இத்தனை கோயிலுக்குப் போறீங்களே, வீட்டுல வரலையா?” அதற்கு அவர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். “எங்கங்க வர்றது? அவங்களுக்கு அங்க வேலையே சரியா இருக்கு.”

வேலை இருந்தது உண்மைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல் கடைக்காரர் கொடுத்தனுப்பும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பாள். பிள்ளை குட்டி இல்லை. அவர் வண்டியை விட்டுவிட்டு வந்ததும் டீ போட்டு, எதிரே உட்கார்ந்து, “ம், சொல்லுங்க” என்பாள். அன்றைய கோயில்களை எல்லாம் அவர் வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர். அதிலும் அந்த ஐந்தாவது கோயில் என்றால் கேட்கவே வேண்டாம்.

“உள்ளே சாமி முன்னாடி நிக்கறோமா? அப்படியே திரும்பிப் பார்த்தா வாசல் முழுக்கக் கடல்தான். வேற ஒண்ணும் தெரியாது. சட்டம் போட்டு மாட்டின மாதிரி. அதுக்குள்ள ஒரு படகு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போகும் பாரு, அதைப் பார்க்கறதுக்கே ஒரு பிறவி வேணும்.”

“என்னை எப்ப கூட்டிட்டுப் போவீங்க?”

“அடுத்த டிரிப்புல.”

அடுத்த டிரிப்பிலும் பன்னிரண்டு சீட்டும் நிறைந்திருக்கும். நிறையாவிட்டால் முதலாளி வண்டியையே எடுக்க விடமாட்டார். பஸ்ஸில் தனியாகப் போய் வரலாமே என்று கீழ்வீட்டுப் பெண் ஒரு தடவை சொன்னாள். “அவரு இல்லாம நான் மட்டும் போய் என்ன பார்க்கறது?” என்றுவிட்டாள். “சாமிக்கே என்னைப் பார்க்க அவசரம் இல்லை போல” என்று அவளே கேலி செய்துகொள்வாள். அவரும் சிரிப்பார். இப்படிச் சிரித்தே வருஷங்கள் ஓடின.

ஒருநாள் ஊசியில் நூல் ஏறவில்லை. கண்ணாடியை மாற்றினாள், அப்போதும் ஏறவில்லை. கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, வெகுநேரம் பார்த்தார். “நரம்பு காய்ஞ்சுக்கிட்டே வருதும்மா. போன பார்வை போனதுதான். மிச்சத்தை எவ்வளவு நாள் இழுத்துப் பிடிக்கலாம்னு பார்ப்போம்” என்றார்.

“எவ்வளவு நாள்?” என்று டிரைவர் கேட்டார்.

“அஞ்சு மாசம், ஆறு மாசம்.”

படி இறங்கும்போது அவள் அழவில்லை. “அப்ப அந்தப் படகை ஒரு தடவை பார்த்துடணும்ங்க” என்றாள். அவர் மறுநாள் முதலாளியிடம் போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட அனுமதி வாங்கினார். அதைச் சீட்டுக் கம்பியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஆட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், திருப்தி இல்லாமல் மறுபடியும் ஒரு சுற்றுக் கட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கல்யாணத்துக்குப் போகிறவள் போல் கிளம்பி வந்தாள். முதல் கோயில் மணல்மேட்டில் இருந்தது. இறங்கியதும், “நீங்க வரலையா?” என்றாள்.

“வண்டியைப் பார்த்துக்கணும்ல? அஞ்சாவது கோயிலுக்குச் சேர்ந்து போவோம்.”

கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இரண்டாவது கோயிலிலிருந்து அவள் திரும்பி வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, “தூண்ல ஒரு யானை செதுக்கியிருக்காங்க, காது மட்டும் உடைஞ்சிருக்கு, பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள். “பார்க்காம இருப்பேனா?” என்றார் அவர், துண்டை உதறியபடி.

மூன்றாவது கோயிலில் பிராகாரம் நீளம், வெளிச்சமும் குறைவு. “நீங்க முன்னாடி போங்கம்மா, நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வரேன்” என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டாள். பத்தொன்பதாவது நிமிஷம் டிரைவருக்கு விழிப்பு வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கண்ணாடியைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு. சாவி திரும்பியது.

வண்டி வாசலைத் தாண்டும்போது முன் வரிசையில் இருந்த வெள்ளைத் தொப்பிக்காரர், “ஏன் டிரைவர், வீட்டுல வரலையா?” என்றார்.

“எங்கங்க வர்றது? அவங்களுக்கு அங்க வேலையே சரியா இருக்கு.”

அட மனிதா! காலையில் உன் கையாலேதானே ஏற்றி உட்கார வைத்தாய்? இருபத்தாறு வருஷமாகச் சொன்ன பதில், மூளையைக் கேட்காமலே வாயிலிருந்து இறங்கிவிட்டது. தொப்பிக்காரர், அந்த ஊரில் சொந்தக்காரர்கள் யாரோ இருப்பார்கள், அம்மா அங்கே தங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார். கைபிடித்து அழைத்துப் போன அம்மாளோ, யாரோ இடம் கொடுத்து, புருஷன் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடினாள். ஆக, பதின்மூன்றாவது தலையை எண்ண ஆளே இல்லை.

நாலாவது கோயில் முக்கால் மணி நேர ஓட்டம். அங்கே போய், அவளை இறக்கிவிடப் பின்பக்கம் வந்தார். மடக்கு நாற்காலியில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. செல்போன் அதற்குள் இருந்தது.  நடுரோடு என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, விட்டுட்டு வந்துட்டேனே! என் கையாலயே விட்டுட்டு வந்துட்டேனே!”

“அப்ப வேலை இருக்குன்னு சொன்னீங்களே?” என்று தொப்பிக்காரர் விழித்தார். பிறகு அவரே, “போங்க போங்க, நாங்க இங்க இருக்கோம்” என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்.

அவர் வண்டியைத் திருப்பி மூன்றாவது கோயிலுக்கு விரட்டினார். சாலையைக் கடக்கப் பார்த்திருப்பாளோ, லாரி எதுவும் வந்திருக்குமோ, கடல் பக்கம் இறங்கியிருப்பாளோ என்று என்னென்னவோ தோன்றியது. வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “இரும்மா, வந்துட்டேம்மா” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

அவள் கோயில் வாசலில், செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவியின் பக்கத்தில், இறக்கிவிட்ட அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர் ஓடி வருவது அவளுக்குத் தெரியவில்லை. கிழவிதான் முதலில் பார்த்தாள்.

“நீதானா அந்த மகராசன்? குடையை மறந்துட்டுப் போறவனைப் பார்த்திருக்கேன், பையை மறந்துட்டுப் போறவனைப் பார்த்திருக்கேன். பொண்டாட்டியை மறந்துட்டுப் போறவனை இன்னைக்குத்தான்யா பார்க்கறேன்!”

அவள் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள். “என்னங்க, இருபது நிமிஷம் ஆயிடுச்சா?” என்றாள்.

திட்டியிருக்கலாம். நாலு பேர் பார்க்க அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் எழுந்து கையை நீட்டினாள், அவ்வளவுதான். அவர் அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார். வழியில் ஒரு தடவை மட்டும், “பன்னிரண்டு சரியா இருந்துச்சாங்க?” என்று கேட்டாள். சரியாக இருந்தது என்று அவர் தலையாட்டினார். அவர் தலையாட்டியது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

காத்திருந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஐந்தாவது கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். பூட்டிய கதவின் முன்னால் பன்னிரண்டு பேரும் முணுமுணுத்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். அவள் கதவைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“அடுத்த டிரிப்புல...” என்று அவர் ஆரம்பித்தார். 

கூட்டத்தை அலைக்கழித்ததற்காக முதலாளி மடக்கு நாற்காலியைக் கழற்றச் சொல்லிவிட்டார். டிரைவர் கெஞ்சிப் பார்த்தார், மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. வேறு வண்டி பார்க்கலாம், லீவு போடலாம் என்று தினமும் நினைத்தார். ஸ்டாண்டில் லீவு போட்டவனின் வண்டி மறுநாள் வேறொருவன் கையில் இருக்கும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார். டாக்டர் ஐந்து மாதம் சொன்னார், இருட்டோ நாலாவது மாதமே வந்துவிட்டது. ஒரு காலையில் அவள், “என்னங்க, இன்னும் விடியலையா?” என்று கேட்டாள். ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்று அவர் வண்டிச் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை, நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கி, அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு நேராக ஐந்தாவது கோயிலுக்குப் போனார். இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவரும் கேட்டார். “நீங்கதான் சொல்வீங்களே, அங்கயே நின்னு சொல்லுங்க” என்றாள் அவள்.

தோளைப் பிடித்தபடி அவள் பின்னால் வர, அவர் உள்ளே நுழைந்தார். காலில் கல்லின் குளிர்ச்சி ஏறியது. சாமி முன்னால் நின்று இருவரும் கும்பிட்டார்கள். பிறகு அவள், “திரும்பி நில்லுங்க. படகு ஏதாவது போகுதா?” என்றாள்.

அவர் திரும்பினார். சன்னதி வாசலுக்கு நேரே ஒரு மதில் சுவர். பழைய சுவர், அடியில் பாசி பிடித்திருந்தது. ‘காலணிகளை இங்கே விடவும்’ என்று எழுதியிருந்தது. கடல் எங்கேயும் இல்லை.

அந்தக் கடலும் படகும் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பயணி வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தவை. எந்தக் கோயிலைச் சொன்னாரோ! அதற்குக் கை கால் மூக்கு வைத்து இந்த மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் இந்த ஐந்து கோயில்களில் ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

“போகுதும்மா” என்றார்.  “ஒண்ணு போகுது.”

“என்ன நிறம்?”

“நீலம்.”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “கடல் சத்தம் நமக்குப் பின்னாடி இல்ல கேக்குது?”

அவர் எதிரே இருந்த மதிலையே பார்த்தார்.  பிறகு அவள் மெதுவாக, “நீங்க உள்ளயே வந்ததில்லையா?” என்றாள்.

“இல்லைம்மா. தூங்கிடுவேன்.”

“எல்லாக் கோயில்லயுமா?”

“எல்லாத்துலயும்.”

“நாலு மணிக்கு எந்திரிச்சு ஓட்டற ஆளு, தூங்காம என்ன செய்வீங்க?” என்றாள். தோளைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. “அதை அப்பவே சொல்லியிருக்கலாமேங்க. கண்ணு இருந்தப்ப நான் வேற எதையாவது பார்த்திருப்பேனே.”

அவர் அங்கேயே, சாமி முன்னால், குழந்தை மாதிரி அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றாள். பிறகு கையை நீட்டித் தடவி, அவர் முழங்கையைக் கண்டுபிடித்தாள்.

“சரி, எண்ணுங்க” என்றாள்.

“என்னத்தை?”

“ஆளைத்தான். ரெண்டு பேர்தானே, சரியா இருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்பலாம்.”

அவர் அவள் கையின் மேல் தன் கையை வைத்து, “ஒண்ணு” என்றார். அதற்கு மேல் அவர் எண்ணவில்லை.