ஈர ஸ்பொஞ்சும் தீவுத் தலைகளும்

நோவுக்காரரின் தலையில் ஈர ஸ்பொஞ்சு வைத்துக் கட்டுவதுதான் என் தொழில். என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவர்களிடம் அம்மா இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. தங்கள் வேலை என்னவென்று சொந்தக்காரருக்கு விளக்க ஏலாமல் அவதிப்பட்டவர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

விஷயம் இதுதான். காயம் ஆறியும் நரம்பு நோ ஆறாதவர்களை டொக்டர் என்னிடம் அனுப்புவார். உப்புத்தண்ணியில் நனைத்த இரண்டு ஸ்பொஞ்சுகளில் ஒன்றை உச்சிப் பக்கமும் மற்றதை நெற்றியிலும் வைத்து, ஒரு சின்னப் பற்றரிப் பெட்டியால் மெல்லிய கரண்ட் விடுவேன். வெட்டும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் வைக்கிற இடம் பிசகினால் பலன் இல்லை. அதனால்தான் அளவுநாடாவும் கையுமாகத் தீவு தீவாய் வள்ளம் ஏறித் திரிகிறேன்.

வயர் மாறின மனிசன்

அனலைதீவுச் சூசை அண்ணை மீனவர். வள்ளத்துக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் வலக்கை நசிந்து, காயம் மாறியும் எரிவு மாறவில்லை. சேட்டுக் கைத்துணி பட்டாலே துடித்துப் போவார். மூக்கடியிலிருந்து பிடரிவரை, காதிலிருந்து காதுவரை நாடா பிடித்தேன். "தலையை மட்டும் அளந்து சவப்பெட்டி அடிக்க ஏலாது, பிள்ளை" என்றார்.

தலையின் இடப்பக்கத்தில் ஸ்பொஞ்சை வைத்ததும் அவருடைய மனைவி மேரி அக்கா பாய்ந்து வந்தா. நோ வலக்கையில் அல்லவா என்று கேட்டா. வலக்கையை ஆட்டுவிப்பது இடப்பக்க மூளைதான், உள்ளே வயர் குறுக்காலே ஓடுகிறது என்று விளக்கினேன். அவ மனிசனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தா.

"அதுதானே! இந்த மனிசனுக்கு வயர் மாறித்தான் கிடக்குது எண்டு கலியாணம் கட்டின அண்டே எனக்குத் தெரியும்."

எண்ணெய்

மண்கும்பானில் பரமேஸ்வரி அக்காவுக்கு முகத்தில் நரம்பு நோ. வாய் திறந்து சாப்பிட ஏலாது. பெட்டியைப் போட்டால் கீக் கீக் என்று கத்தியது. தலைமயிரில் நல்லெண்ணெய் வழிந்தால் கரண்ட் எங்கே போகும்? நாளைக்கு நல்லாய் முழுகிவிட்டு வரச் சொன்னேன்.

அடுத்தநாள் முழுகி, வாரி, பளபளவென்று வந்திருந்தா. பெட்டி முதல்நாளைவிடப் பலமாய்க் கத்தியது. நான் முறைக்க, அவவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லெண்ணெய் எண்டுதானே நேற்று ஏசினீர்? இண்டைக்குத் தேங்காயெண்ணெய்தான் வச்சனான்!"

இல்லாத கால்

நெடுந்தீவில் மாடு வளர்க்கும் தேவராசா அண்ணையின் இடது காலை, முழங்காலுக்குக் கீழே, கண்ணிவெடி கொண்டுபோனது. இல்லாத அந்தக் காலின் விரல்களை யாரோ குறட்டால் திருகுவதுபோல நோ. சொன்னால் ஊர் சிரிக்கும் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்தவர். நித்திரை கெட்டு, மாட்டுப் பட்டிப் பக்கமே போவதில்லை. "நான் விசரன் இல்லைத்தானே, மிஸ்?" என்று முதல்நாள் மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்றேன். கால் போனாலும் மூளைக்குள் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, அது உச்சிக் கோட்டுக்குக் கிட்ட என்று சொல்லி, அங்கே ஸ்பொஞ்சை வைத்தேன். நாள்கள் போயின, ஒரு மாற்றமும் இல்லை. நாடாவை எடுத்துத் திரும்பத் திரும்ப அளந்தேன். பிறகு கடல் கொந்தளித்து வள்ளமும் ஓடவில்லை. அந்த மனிசன் கைவிட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

கடல் அடங்கி நான் போனபோது ஆளை வீட்டில் காணவில்லை. மாட்டுப் பட்டியில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். எப்படி என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார்.

"நாலு விரலுக்குத் தாங்கள் செத்தது விளங்கியிட்டுது, மிஸ். பெருவிரல்தான் இன்னும் நம்புதில்லை."

இத்தனை காலம் தீவுத் தலைகளைத் தொட்டுவருகிறேன். நான் சொன்னதற்கு ஒரு பதில்கதை சொல்லாமல் சும்மா ஆடிய தலை ஒன்றை இன்னும் காணவில்லை.