கருப்பு பேட்ஜும் ஏழாவது போட்டோவும்

"முன் பேட்ஜ் கருப்பு. அசல்."

2016 மார்ச் 9, புதன்கிழமை, காலை 10.40க்கு நான் எழுதிய ஜாப் கார்டில் இந்த வரி இருக்கிறது. அதன் கார்பன் நகல் இன்னும் என்னிடம் உண்டு. காரின் முன்னால் இருக்கும் நிறுவனச் சின்னமான அந்த பேட்ஜ் கருப்பாக இருந்தது உண்மை. "அசல்" என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். கார் உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்து, கீறல் எங்கே, நெளிவு எங்கே என்று குறித்து, போட்டோ எடுத்து, ஜாப் கார்டு எழுதி, மெக்கானிக்குக்கும் பாலிஷ் ஆட்களுக்கும் பிரித்துக் கொடுப்பது என் வேலை. இந்தத் துறைக்கு இப்போது வரும் பிள்ளைகளில் சிலர் என்னிடம் குறிப்புகள் கேட்டார்கள். நல்லபடியாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் இதை எழுதாமல் மற்றதை எழுத மனம் வரவில்லை.

1. நிறங்களுக்குக் கதை சொன்னவன்

நாங்கள் அதிகம் பார்த்தது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் கார்களை. பெயர் இங்கே வேண்டாம். அதன் பேட்ஜ் வட்டமானது, மஞ்சளும் நீலமும். அந்த இரண்டு நிறங்களுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு.

நான் நிறையப் படிப்பவன். கார் பத்திரிகைகள், பழைய கையேடுகள், இணையத்தில் ரசிகர்கள் எழுதுவது எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். மஞ்சள், நிறுவனரின் ஊர்க்கொடியின் நிறம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய முதல் காரின் நிறம் என்று இன்னொருவர். கொட்டகையில் மிச்சமிருந்த பெயிண்ட் டின்கள் அந்த இரண்டுதான் என்று மூன்றாமவர். வருபவரின் முகத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன். புதுக் காருக்கு மாலை போட்டுப் பூசை செய்துவிட்டு நேராக வந்தவரிடம், மஞ்சள் மங்களமானது என்று அந்த நிறுவனரே நினைத்ததாகச் சொல்லியிருக்கிறேன். அது எந்த நோட்டிலும் இல்லை. அந்த நிமிடத்தில் வாயில் வந்தது.

எல்லாக் கதையிலும் அதிகம் எடுபட்டது கருப்பு பேட்ஜ் கதை. நிறுவனத்தின் பந்தய ஓட்டுநர் ஒருவர் பந்தயத்தின் நடுவே இறந்தார். அந்த வாரம் தொழிற்சாலையில் இருந்த பேட்ஜ்கள் எல்லாவற்றின் மேலும் துக்கத்துக்காகக் கருப்பு பூசினார்கள். அந்த வாரத்துக் கார்கள் மட்டும் கருப்பு பேட்ஜோடு வெளியே போயின. சொல்லிவிட்டு ஒரு விநாடி பேசாமல் இருப்பேன். கேட்பவரும் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

பாலிஷ் பிரிவில் செல்லத்துரை என்று ஒருவர் இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஆறு ஆண்டுகளாக எங்களிடம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஒர்க் பெர்மிட்டில் வேலை. பூன் லேயில் தங்கியிருந்தார். என்னைக் கேலி செய்ய உரிமை எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"மணியம் அண்ணங்கிட்ட ஒரு பழைய டயரக் காட்டுங்க. அதுக்கும் ஒரு பூர்வஜென்மம் சொல்லுவாரு" என்பார். சிரித்துக்கொள்வேன்.

2. ஏழாவது போட்டோ

அந்தப் புதன்கிழமை வந்தது எங்கள் பழைய வாடிக்கையாளர், பல் மருத்துவர் சிவநேசனின் கார். பழைய மாடல், சிவப்பு நிறம், அப்போதுதான் வாங்கியிருந்தார். முன்னால் கருப்பு பேட்ஜ்.

"மிஸ்டர் மணியம், இது நீங்க சொன்ன அந்த பேட்ஜ்தானே?" என்று இறங்கியதும் கேட்டார். "நெக்ஸ்ட் வீக் எங்க கார் க்ளப் மீட்டிங்ல இத டிஸ்ப்ளே பண்றேன். நீங்களும் வந்து ஒரு பத்து நிமிஷம் பேசணும். பேட்ஜ் கலர்ஸ் பத்தி. ஸ்லைடெல்லாம் போட்டு."

அத்தனை ஆண்டுகளில் என்னைப் பேச அழைத்த முதல் ஆள் அவர்தான். ஜாப் கார்டில் "அசல்" என்று எழுதினேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கப்படி உள்ளே வரும் காருக்கு ஆறு போட்டோ எடுக்க வேண்டும்: நான்கு மூலைகள், டேஷ்போர்டு, மைலேஜ். அவை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அன்று என் ஸ்லைடுக்காக என் சொந்த போனில் ஏழாவதாக ஒன்று எடுத்தேன், பேட்ஜை மிகக் கிட்டத்தில் வைத்து. வெளிச்சம் போதவில்லை. செல்லத்துரைதான் இன்ஸ்பெக்‌ஷன் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் சாய்ங்க" என்றேன். சாய்த்தார்.

அப்போது பார்த்தேன். பேட்ஜின் கீழ் விளிம்பில் கருப்பு பெயிண்ட் ஒரு துளி வழிந்து, காரின் சிவப்பின் மேல் அரிசி மணி அளவுக்குக் காய்ந்திருந்தது. அந்த கார் தொழிற்சாலையிலிருந்து வெள்ளையாக வந்தது. சிங்கப்பூருக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து முந்தைய உரிமையாளர் சிவப்பு அடித்தார். டாக்டர் கொடுத்த பழைய ஃபைலில் அந்த ஸ்ப்ரே வேலையின் பில் இருந்தது. பில்லின் தேதியை நோட்டில் எழுதியவனே நான்தான். சிவப்பின் மேல் கருப்பு விழுந்திருக்கிறது என்றால், கருப்பு அடித்தது சிங்கப்பூரில், சிவப்புக்குப் பிறகு. தொழிற்சாலைக்கும் துக்கத்துக்கும் அதில் சம்பந்தமே இல்லை.

அழுக்கு என்று நினைத்துவிட்டேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அப்படி நினைக்கவில்லை. பார்த்த உடனே புரிந்தது. கார்டில் எழுதியதை அடித்துத் திருத்தாமல் அடுத்த காருக்குப் போனேன்.

3. துணியில் வந்த கருப்பு

ஜாப் கார்டில் கேட்டிருந்தது ஃபுல் பாலிஷ். பாலிஷுக்கு முன் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ரோட்டுத் தாரை எடுக்க ஒரு திரவம் உண்டு. எல்லாக் காருக்கும் அதுதான். மறுநாள் காலை செல்லத்துரை அதைத் தொட்டு, வழக்கம்போல பேட்ஜையும் சேர்த்துத் துடைத்தார். கருப்பு முழுதும் துணியில் வந்துவிட்டது. கீழே மஞ்சளும் நீலமும் புத்தம்புதிதாக இருந்தன. வழிந்திருந்த துளியும் போய்விட்டது.

அவர் உடனே என்னிடம் வந்து துணியைக் காட்டினார். "அண்ணே, எப்பவும் போடறதத்தான் போட்டேன். ஃபேக்டரில அடிச்ச பெயிண்ட்டு இப்படி உரிஞ்சு வருமா? யாரோ கடையில டின்னு வாங்கி பிரஷ்ல அடிச்சிருக்காங்க."

அவர் சொன்னது சரி. "முதலாளி வரட்டும், பேசிக்கலாம்" என்றேன்.

டாக்டர் மதியம் வந்தார். சத்தம் போடவில்லை. பேட்ஜின் முன் குனிந்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆல்ரெடி இருந்த பேட்ஜ் மேலதான் கருப்பு அடிச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப கீழ கலர் இருக்கத்தானே செய்யும்? இவரு துடைச்சது அந்த ஒரிஜினல் கருப்ப. இனிமே நான் எங்க போய்த் தேடறது?"

அவர் பேசியது என் கதையை வைத்தேதான்.

எங்கள் முதலாளி ரவி என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரையும்போல அண்ணே என்றுதான் கூப்பிடுவார். டாக்டரைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு என்னை ஆபீஸுக்குள் அழைத்தார்.

"அண்ணே, டாக்டர் லாயர் லெட்டர் அனுப்பற ஆளு இல்ல. ஆனா க்ளப் பூரா சொல்லிருவாரு. நம்ம கஸ்டமர்ல பாதி அந்த க்ளப்தான் லா. கருப்பு ஒரிஜினல் இல்லன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா? போட்டோ கீட்டோ?"

கதவுக்கு வெளியே செல்லத்துரை நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்தார்.

"ஃபைல்ல ஆறு போட்டோதான் இருக்கு. எதுலயும் பேட்ஜ் கிட்டக்க இல்ல" என்றேன். ஃபைலைப் பற்றி நான் சொன்னதில் பொய் இல்லை. ஏழாவது போட்டோ என் சட்டைப் பையில் கிடந்த போனில் இருந்தது.

ரவி பெருமூச்சு விட்டார். "செல்லத்துரைக்கு அடுத்த மாசம் பெர்மிட் முடியுது. ரினியூ பண்ணலாம்னுதான் இருந்தேன், ஸ்ப்ரே பெயிண்டர் டெஸ்ட்டுக்கும் பேரு குடுத்தாச்சு. இப்ப அவன வச்சுக்கிட்டு டாக்டர் மூஞ்சில எப்படி முழிக்கறது? நீங்களே சொல்லுங்க."

அடுத்த ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4. பத்து நிமிடப் பேச்சு

மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை, க்ளப்பில் பேசினேன். ரத்து செய்ய டாக்டரே விரும்பவில்லை. "அட்லீஸ்ட் அந்த பேட்ஜோட கதையாச்சும் எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

ஏழாவது போட்டோவை ஸ்லைடில் போட்டேன். கீழ் விளிம்பை வெட்டிவிட்டுப் போட்டேன். முந்தின நாள் மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விரலால் இழுத்து, துளி மறையும்வரை வெட்டினேன். இரண்டு முறை கூடுதலாகப் போய்விட்டது. மூன்றாம் முறை சரியாக வந்தது.

ஓட்டுநர் இறந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல ஒரு விநாடி நிறுத்தினேன். முப்பது பேர் அமைதியாக இருந்தார்கள். பிறகு கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

5. சிராங்கூன் ரோட்டில்

ஏப்ரல் 10, ஞாயிறு மாலை. காய்கறி வாங்க லிட்டில் இந்தியா போயிருந்தேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு வெளியே செல்லத்துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தைல பாட்டில்கள், சாக்லேட், ஒரு போர்வை. கூட இருந்த நண்பர் டேப் ஒட்டினார். பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை விமானம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்கண்ணே. போறதுக்குள்ள உங்களப் பார்க்க முடியாதோன்னு நெனச்சேன்."

"ஊர்ல என்ன பண்ணப் போறீங்க?"

"பார்ப்பம்ணே. தஞ்சாவூர்ல ஒரு ஷோரூம்ல ஆளு கேக்குறாங்களாம். அங்க பேட்ஜுக்கெல்லாம் கதை கெடையாது, கழுவித் தொடச்சாப் போதும்." அவரே சிரித்தார். நண்பரும் சிரித்தார்.

பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏண்ணே, அன்னிக்கு நான் லைட் புடிச்சப்ப கிட்டக்க வச்சு ஒண்ணு எடுத்தீங்கள்ல? அது நல்லா வந்துச்சா?"

அவர் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை ரவியிடம் போனை நீட்டியிருந்தால் போதும். புது பெர்மிட்டுக்கு எழுத ரவி தயங்குபவர் அல்ல. டாக்டரிடம் ஒரு மன்னிப்பு. க்ளப்பில் ஒரு தலைகுனிவு. அவ்வளவுதான்.

"இல்ல. கை ஆடிருச்சு. ஒண்ணும் தெரியல" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே" என்றார். டேப் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம் திரும்பி, "அந்த மூலைய நல்லா ஒட்டுடா" என்றார்.

6. பதில்

கருப்பு பேட்ஜைப் பற்றி விசாரித்து அந்த நிறுவனத்துக்கு நான் எழுதியது 2019இல். பத்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கலாம். கதை கெட்டுவிடும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். ஜூன் மாதம் மின்னஞ்சலில் பதில் வந்தது. துக்கத்துக்காகக் கருப்பு பேட்ஜ் செய்ததாக அவர்களிடம் பதிவு எதுவும் இல்லையாம். அந்தக் கதையைப் பற்றிப் பலர் கேட்டு எழுதுகிறார்களாம். மஞ்சளையும் நீலத்தையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் எழுத்தில் காரணம் இல்லையாம்.

அந்த வாரமே பதிலையும், வெட்டாத போட்டோவையும், ஸ்ப்ரே பில்லின் தேதியையும் ரவியின் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வருஷம் இத வச்சிருந்தீங்களாண்ணே?"

"ஆமா."

"நான் கேட்டேனே, அண்ணே."

அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை மரியாதையாகவே நடந்துகொண்டார். ஜாப் கார்டுகளை மட்டும் ஒருமுறை தானும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். டாக்டருக்கும் எழுதினேன். ஒரு வரியில் பதில் போட்டார்: தெரியப்படுத்தியதற்கு நன்றி. க்ளப்பில் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

இந்தத் துறைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். என் நோட்டில் இப்போது பக்கத்தின் நடுவே ஒரு கோடு இருக்கிறது. கண்ணால் பார்த்தது இடப்பக்கம், காதால் கேட்டது வலப்பக்கம். அசல் என்ற சொல்லை இடப்பக்கம் எழுதும் முன் பேனாவை ஒருமுறை கீழே வைக்கிறேன். உங்கள் ஜாப் கார்டை நம்பித்தான் இன்னொருவர் துணியை எடுக்கிறார். அவர் கை பட்டு ஏதாவது உரிந்தால், நீங்கள் எழுதியதற்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

இடப்பக்கம் எழுத முடியாமல் இருப்பவை இரண்டு. அந்த பேட்ஜுக்குக் கருப்பு அடித்தது யார், எதற்காக என்று தெரியவில்லை. சிவப்பு அடித்த முந்தைய உரிமையாளர் காலமாகிவிட்டார். அவர் குடும்பத்தாருக்கும் தெரியவில்லை.

மற்றது செல்லத்துரை. 2019 ஜூலையில், ஒர்க்‌ஷாப் ஃபைலில் இருந்த அவருடைய ஊர் முகவரிக்கு நடந்ததை எழுதி, முழு போட்டோவையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. கிடைத்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. கிடைத்திருந்தாலும் அதில் அவருக்குப் புதிதாக ஏதாவது இருந்ததா என்பதும் உறுதியாகவில்லை. அன்று விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, துளி வழிந்திருந்த அந்த விளிம்புக்கு என்னைவிட அருகில் நின்றவர் அவர்.