நம்பாதவன் கட்டிய பொட்டலம்

ஒரே அளவில் வெட்டிய இரண்டு வாழையிலைத் துண்டு, கொஞ்சம் வெள்ளை நூல், ஒரு சிவப்பு அலரிப்பூ, ஒரு வெள்ளை நந்தியாவட்டைப்பூ. இவ்வளவையும் ஒரு சின்னத் தட்டில் வைத்து அக்கா என் கையில் தந்த வெள்ளிக்கிழமைக் காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வெள்ளவத்தையில் அக்கா வழக்கமாகப் போகும் பிள்ளையார் கோயிலின் வெளிவாசலில் நின்றோம். அவள் பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தாள். ஒரு பெரிய காரியத்தில் ஓமா இல்லையா என்று முடிவெடுக்க முடியாதபோது எங்கள் ஆட்கள் செய்வது அது. சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். இரண்டையும் சாமியின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்தால் பதில் தெரியும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது. அதை அப்படியே கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிடுவார்கள்.

அக்கா கேட்க வந்த கேள்வி சின்னக் கேள்வி அல்ல. அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. சோதனை எல்லாம் முடிந்து, உடனே வெட்டி எடுக்க வேண்டும், தாமதித்தால் பரவும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமைக்கு நாளும் குறித்தாயிற்று. அக்காவோ, எங்கள் பெரியம்மா ஒருத்தி இதே கட்டி வருத்தத்துக்கு வெட்டியபிறகுதான் இறந்தாள், வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் சில காலம் இருந்திருப்பாள் என்று பிடித்த பிடியில் நின்றாள். நான் கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு பெரியம்மாவை வைத்து முடிவெடுக்க முடியாது என்று எவ்வளவோ விளக்கினேன். அவள் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளையாரிடம் கேட்போம் என்றாள்.

பொட்டலத்தை வேறு யாராவது கட்ட வேண்டும் என்பது முறை. ஐயரே கட்டித் தந்திருப்பார். அக்கா என்னைத்தான் கேட்டாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கோயில் வாசலோடு நின்று செருப்புக்குக் காவலிருக்கிற ஆள் நான். ஏன் என்று கேட்டேன்.

"நீ நம்பாதனீ. அதால உன்ர கை பக்கம் சாராது," என்றாள்.

நான் நம்பாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒளிக்கிற காரணம் அல்ல. ஊரில் இருந்த காலத்தில் எங்கள் அண்ணா ஒரு பின்னேரம் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. அம்மா விரதம் இருந்தா. அக்கா நேர்த்தி வைத்தாள். நான் தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு எங்கள் ஊர்ப் பிள்ளையாரை நூற்றெட்டு முறை சுற்றினேன், மூன்று வருடம். பதில் வராத முகவரிக்கு ஓயாமல் கடிதம் போடுகிற மாதிரி இருந்தது. பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் ஐம்பத்தோராவது சுற்றில் நின்றுவிட்டேன். மிச்சத்தைச் சுற்றவில்லை. அன்று வீட்டில் அக்கா திருநீறு பூச வந்தபோது அவள் கையைத் தட்டிவிட்டேன். நிலமெல்லாம் திருநீறு கொட்டியது. அவள் கூட்டி அள்ளினாள். அதன்பிறகு என் நெற்றிப் பக்கம் அவள் கை வந்ததேயில்லை.

அதே அண்ணாதான் அக்கா நம்புவதற்கும் காரணம். அம்மா இறந்தபிறகு நாங்கள் இருவரும் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் இருந்தோம். அக்கா சட்டை தைத்து என்னைப் படிப்பித்தாள். அப்போது ஒருமுறை நான் கோபத்தில், அண்ணாவைத் திருப்பித் தராத கடவுளுக்கு எதற்கு விளக்கு என்று கத்திவிட்டேன். அவள் ஊசியில் நூல் கோர்த்தபடி சொன்னாள்: "அண்ணா எங்கயோ தனிய நிக்கிறார். நானும் விட்டா அவரோட ஆர் நிக்கிறது?" அதை நான் அன்றைக்கு வெறும் புலம்பல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ஒரே இழப்பு. என்னை அது கோயிலுக்கு வெளியே தள்ளியது, அவளை உள்ளே இழுத்தது. இருவரில் ஒருவர் கணக்கைப் பிழையாகச் செய்கிறோம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிழை விட்டது நானில்லை என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆக, தட்டு என் கையில். அக்கா கால் கழுவப் போனாள். எங்கள் வீட்டில் எப்போதும் சிவப்பு என்றால் ஓம், வெள்ளை என்றால் இல்லை. அம்மா பார்த்தபோதெல்லாம் அப்படித்தான். இரண்டில் ஒன்று என்ற நிகழ்தகவில் என் அக்காவின் உயிரை வைக்க எனக்குப் பைத்தியமில்லை. வாசலில் பூ விற்கிற பெண்ணிடம் இன்னுமொரு அலரிப்பூ வாங்கினேன். இரண்டு இலையிலும் சிவப்பையே வைத்துச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினேன். நந்தியாவட்டையைச் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன். வகுப்பில் ஒரு தேற்றத்தை நிறுவி முடித்த திருப்திதான் இருந்தது.

அக்கா பொட்டலங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து ஒன்றை எடுத்து நூலை அவிழ்த்தாள். சிவப்பைக் கண்டதும் அப்படியே நின்றாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் கலக்கமில்லை, எதையோ ஒப்புக்கொண்ட முகமாக இருந்தது. சத்திரசிகிச்சைக்கு ஓமென்று பதில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று உற்சாகமாகக் கதைக்கத் தொடங்கினேன்.

"வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார், தம்பி."

சிவப்புத்தானே வந்தது என்றேன். அவள் அமைதியாக விளக்கினாள். இந்தமுறை வெள்ளையைத்தான் ஓமென்று நினைத்துக்கொண்டாளாம். வெட்டுகிற காரியமாச்சே, சிவப்பு என்றால் இரத்தம், அதைப்போய் எப்படி ஓமென்று வைக்கிறது என்றாள். எந்த நிறம் எந்தப் பதில் என்பது கேட்கிறவர் மனதுக்குள் வைப்பதுதான். அதை வெளியே சொல்வதில்லை. அம்மாவின் வழக்கத்தையே அக்காவும் பிடித்துக்கொள்வாள் என்று நான் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். தரவை வாசிக்காமல் கணக்குச் செய்யாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறவன் நான். இரண்டு பொட்டலத்திலும் வேண்டாம் என்ற பதிலை என் கையாலேயே கட்டி வைத்திருந்தேன்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கோழைத்தனத்தை மறைத்து எழுதி இப்போது ஆவதொன்றுமில்லை. சொன்னால் அவள் என்னை இனி நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் அவள் இருக்கமாட்டாள். இவ்வளவு லேசான கணக்குக்கு விடை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக் கடிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனேன், தன் பழைய சேலைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கல்கிசையில் என் வீட்டில் மனைவி சோற்றைப் போட்டால் பிசைந்தபடி இருந்தேன்.

செவ்வாய்க்கிழமைக் காலை வேலைக்குப் போகாமல் பாமன்கடையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவள் மேசையில் சட்டைத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தரிக்கோல் நிற்கவுமில்லை. சட்டையின் கைப்பகுதியை வளைத்து வெட்டி முடித்து, துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"மற்றதும் சிவப்போ?"

"ஓம்."

"அப்ப வெள்ளை?"

"என்ர பொக்கற்றுக்குள்ள."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் இருந்தது. மடித்த துணியைத் தடவிவிட்டபடி, "நான் கேட்ட பதில் உன்னட்டத்தான் இருந்திருக்கு," என்றாள்.

வைத்தது நான், அவரில்லை என்று நான் அவசரமாகச் சொன்னேன். அந்த நிலையிலும் கடவுளுக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போய்விடக் கூடாதே என்ற பிடிவாதம் எனக்கு. அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், நீதான் வைச்சனீ. நான் சாகக்கூடாது எண்டு வைச்சனீ. அது நீயோ அவரோ எண்டு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியாது, தம்பி."

எழுந்துபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தாள். எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்று வாசித்துச் சொல்லச் சொன்னாள். வாசிக்க எழுத்துத் தெரியவில்லை எனக்கு, கண் நிறைந்துவிட்டது. நான் அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள், இனி எந்தக் காலத்திலும் பொட்டலம் கட்ட உன்னிடம் தரமாட்டேன் என்றாள். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறாள். ஆறேழு மாதம் என்னோடு அளந்துதான் கதைத்தாள். ஏமாற்றினது ஏமாற்றினதுதான்.

சத்திரசிகிச்சை அன்று காலையிலிருந்து பின்னேரம்வரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நான் பிரார்த்தனை செய்யவில்லை. செய்தேன் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பொய். ஒரு தேத்தண்ணி குடிக்கப் பல தடவை எழும்பினேன், எழும்பி எழும்பித் திரும்ப உட்கார்ந்தேன். நான் கீழே போனால் அக்கா உள்ளே தனித்துவிடுவாள் என்று தோன்றியது. மயக்கத்தில் கிடக்கிறவளுக்கு நான் வாங்கில் இருந்தாலென்ன, கன்ரீனில் இருந்தாலென்ன. எந்தத் தர்க்கத்திலும் நிற்காத காரணம். ஆனாலும் என்னால் அந்த இடத்தைவிட்டு அசைய முடியவில்லை. அப்போதுதான், கொட்டாஞ்சேனை அறையில் அக்கா அண்ணாவைப் பற்றிச் சொன்னது எனக்கு விளங்கியது. இத்தனை வருடமாக அவள் விளக்கேற்றியது அண்ணாவைத் திருப்பிக் கேட்டு அல்ல. அவர் எங்கே நின்றாலும் அவரோடு நிற்பதற்குத்தான். நான் சுற்றினது கேட்பதற்காக. கிடைக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அவள் கணக்குப் பிழை என்று நான் நினைத்திருந்தேன், உண்மையில் அவள் என் கணக்கைச் செய்யவே இல்லை.

அக்கா பிழைத்தாள். வருடங்கள் ஓடிவிட்டன. கட்டி திரும்ப வரவில்லை. தையல் மெஷினில் இப்போது கண்தான் கொஞ்சம் மங்குகிறது என்று சொல்கிறாள். டொக்டரின் கைதான் காப்பாற்றியது என்று நான் சொல்வேன். ஓம், அந்த டொக்டரை நேரத்துக்கு அனுப்பினது யார் என்று அவள் கேட்பாள். இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் கறிக்கு உப்பு மாதிரி, இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. வெள்ளிக்கிழமைகளில் நான் இன்னும் செருப்புக்குக் காவலிருக்கிறேன்.

போன மாதம் என் முறை வந்தது. படியேறினால் நெஞ்சு அடைத்தது. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று உள்ளே கம்பி விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பெரிய விஷயமில்லை என்று எல்லோருக்கும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலை ஆஸ்பத்திரி உடுப்போடு தள்ளுவண்டியில் படுத்திருந்தபோதுதான் எனக்கு எவ்வளவு பயம் என்று தெரிந்தது. மனைவி படிவங்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்றாள். அவள் கையில் திருநீற்றுப் பை இருந்தது. என் பிள்ளைகளுக்கு, என் மனைவிக்கு, பக்கத்து வீட்டு ஆட்களுக்கு, யாரையும் கேட்காமல் பூசிவிடுகிறவள் அவள். என் நெற்றிக்கு அருகே வந்த கை நடுவழியில் நின்றது.

"பூசட்டே?"

எனக்கு நம்பிக்கையில்லை அக்கா என்றேன்.

"தெரியும். நான் அதைக் கேக்கேல்லை."

தலையைச் சற்று உயர்த்திக் காட்டினேன். மூன்று விரலால் மெதுவாகப் பூசினாள். கையை உடனே எடுக்கவில்லை. பயமாயிருக்கிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன். தனக்கும்தான் என்றாள். நேர்ஸ் வந்து தள்ளுவண்டியை நகர்த்தினா. கதவு மூடும்வரை அக்காவையே பார்த்துக்கொண்டு போனேன். அங்கே வாங்கு இருந்தது, அவள் அதில் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள்.

கடவுள் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், இன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த அறைக்குள் நான் தனியாக இருக்கவில்லை.