வைஜயந்தி உட்காரவில்லை

வைஜயந்திக்குக் காது போனது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பியபோது பேச்சு மிச்சமிருந்தது, கேட்பது போய்விட்டது. தன் குரல் தனக்கே எட்டாததால் எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று. பஸ்ஸில் அவள் டிக்கெட் கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மெதுவாகப் பேசச் சொல்லி அம்மா கையை அமர்த்துவாள். வைஜயந்தி பேசுவதைக் குறைக்கவில்லை. பார்த்தவர்களை அவளும் விடாமல் பார்த்தாள்.

பி.காம். முடித்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். டிஸ்பாட்ச் பிரிவு. எந்தச் சரக்கு எந்த லாரியில் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும் வேலை. ஆரம்பத்தில் எல்லாரும் போனில் பேசி முடித்த பிறகு யாராவது துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பார்கள். அப்புறம் ஆபீஸே வாட்ஸப் குரூப்புக்கு மாறியது. லாரி டிரைவரின் சால்ஜாப்பு, தறிக்காரரின் கோபம், யார் வீட்டில் வளைகாப்பு, யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள், எல்லாம் எழுத்தாக வந்து விழுந்தன. பக்கத்து மேஜை ஷாநவாஸ் அடிக்கும் ஜோக்குக்கு மற்றவர்கள் சிரிக்கும் அதே நேரத்தில் அவளும் சிரித்தாள். பதிலுக்கு அவள் அடித்ததில் ஷாநவாஸ் ஒரு நாள் முழுக்கத் தலைநிமிரவில்லை. அவளுக்கு இவ்வளவு வாய்த்துடுக்கு உண்டென்று ஆபீஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் மேனேஜர் வரதராஜ் புதுசாக ஒரு மென்பொருள் கொண்டு வந்தார். ஆபீஸ், குடோன், தறிக்கூடம், துறைமுக ஏஜென்ட் எல்லாரும் தினமும் காலையில் ஒரே திரையில் முகம் காட்டிப் பேசிவிட வேண்டும். "டைப் அடிச்சுக்கிட்டு இருந்தா வேலை ஓடாது. பேசுனா செத்த நேரத்துல முடிஞ்சிரும்" என்றார். குரூப்பை மூடிவிட்டார்கள்.

திரையில் ஒவ்வொரு முகமும் தபால்தலை அளவு. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பவளுக்கு உதடு எங்கே தெரிய? அதைச் சொன்னபோது வரதராஜ் அவள் எதிரே வந்து நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல வாயை அகலத் திறந்து சொன்னார்: "நீங்க மீட்டிங்குக்கு வர வேண்டாம்மா. ஷாநவாஸ் பொறவு சொல்லுவான்."

ஷாநவாஸ் நல்லவன்தான். ஆனால் அவ்வளவு நேரம் நடந்த பேச்சு அவனிடமிருந்து இரண்டு வரியாகத்தான் வந்தது.

"எல்லாரும் சிரிச்சியளே, என்னத்துக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா அம்புட்டுச் சிரிப்பு?"



ஒரு சரக்கு இடம் மாறிப் போனது. கொச்சிக்குப் போக வேண்டியது தூத்துக்குடியில் போய் நின்றது. கூட்டத்தில் சொன்ன மாற்றத்தை அவளிடம் சொல்ல மறந்தது தான்தான் என்று ஷாநவாஸே ஒப்புக்கொண்டான். ஆனாலும் பழைய கோப்புகளை அடுக்கும் அறைக்கு வைஜயந்தியை மாற்றி உத்தரவு வந்தது. அதன் பின்பக்கத்தில், "எனக்குச் சம்மதமில்லை. கூட்டத்தை எழுத்தில் போடுங்கள், வருகிறேன்" என்று எழுதி வரதராஜின் மேஜையில் வைத்துவிட்டு, தன் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழில்நுட்ப மாநாடு நடந்தது. 'கூடி வேலை செய்வோம்' என்று வாசலில் பேனர். நாற்காலிகள் காலியாகக் கிடக்கக் கூடாதென்று ஒவ்வொரு கம்பெனியும் வேன் வைத்து ஆட்களை அனுப்பியது.

"நீங்களுமாக்கா வாறீய? ஒண்ணும் கேக்காதே" என்றான் ஷாநவாஸ்.

"சாப்பாடு போடுவாகள்ல? வாரேன்."

மேடையில் மூன்று பேர். அந்த மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனியின் தலைவர் அச்சுத், உள்ளூர் நூற்பாலை அதிபர் நவநீதகிருஷ்ணன், சென்னையிலிருந்து வந்த அரசுத் தகவல் தொழில்நுட்ப அதிகாரி அனுக்ரஹா. அச்சுத் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். மூக்குக்குக் கீழே வைஜயந்திக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு உருண்டைதான். ஷாநவாஸ் தன் போனில் அடித்துக் காட்டினான்: 'ஒருத்தரையும் விடாம எல்லாரையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வந்துட்டாவளாம்.'

அவள் எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மைக்க இறக்குங்க. வாய் தெரியல."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. வரதராஜ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். உதறினாள்.

"எனக்குக் காது கேக்காது. இவரு ஆபீஸ்ல உங்க சாப்ட்வேர் வந்த அன்னைக்கே என்னை வெளிய அனுப்பிட்டாவ. இங்கயும் நான் வெளியதான் நிக்கேன். பேசுறத எழுத்தாப் போடுற வசதி இதுல இருக்கா, இல்லையா?"

அச்சுத் மைக்கை இறக்கினார். "இருக்கும்மா. தமிழ் இன்னும் சரியா வராது. தப்புத் தப்பா வந்து சிரிப்பா போயிரும். நீங்க முன் வரிசையில உக்காருங்க, அப்புறம் பேசலாம்."

"உக்கார மாட்டேன். சிரிப்பா போனா போகட்டும். போடுங்க."

யாரும் அசையவில்லை. வைஜயந்தி சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு அப்படியே நின்றாள். அனுக்ரஹா, கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரைப் பார்த்து ஏதோ சொன்னார். பெரிய திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

நவநீதகிருஷ்ணன் தொண்டையைச் செருமிவிட்டு, நம்மூர் நூற்பாலைகள் எல்லாம் கூடி வேலை செய்ய வேண்டும் என்றார். 'நம்மூர் நூறு பாலைகள் எல்லாம் கோடி வேலை செய்ய வேண்டும்' என்று திரையில் வந்தது. மண்டபம் குலுங்கிச் சிரித்தது. வைஜயந்தியும் சிரித்தாள், எல்லாரும் சிரித்த அதே நொடியில். அதற்குப் பிறகும் அவள் உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றே படித்தாள்.

மறுநாள் வரதராஜ் அவளைக் கூப்பிட்டார். "கம்பெனி மானத்த வாங்கிட்டீங்க."

"நீங்க என் வேலையவே வாங்கிட்டீங்களே, சார்."

மாற்றல் உத்தரவு இரண்டாவது முறையும் வந்தது. அதையும் திருப்பி அனுப்பினாள். காலைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே போய், தன் கம்ப்யூட்டரில் அந்த எழுத்து வசதியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிழைகள் வந்தபோதெல்லாம் கையை உயர்த்தி, திரும்பச் சொல்ல வைத்தாள். கூட்டங்கள் நீண்டன. தறிக்காரர் சின்னக்கருப்பன்தான் முதலில் சலித்துப்போய்ச் சொன்னார்: "பழையபடி குரூப்பையும் தொறந்து விடுங்கய்யா. எனக்கும் இங்க தறிச் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல."

குரூப் திறந்தது. மாற்றல் உத்தரவை மூன்றாவது முறை யாரும் அனுப்பவில்லை. ரத்து என்றும் யாரும் சொல்லவில்லை. வைஜயந்தி இப்போதும் டிஸ்பாட்சில்தான் இருக்கிறாள். வரதராஜ் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறார். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.