செல்லியம்மாளின் நாற்காலி

செல்லியம்மாள் பதினெட்டு வருடம் நின்றாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் இரண்டாவது மாடியில், முகூர்த்தப் புடவைப் பிரிவில், காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றாள். வாங்க வந்தவர்கள் மெத்தையில் சம்மணம் போட்டு மோர் குடிப்பார்கள். இவள் பக்கத்தில் நின்று, "ஈரக் கையோட தொடாதீங்கமா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும் முதலாளி தட்டாமல் கீழ்ப்படிந்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். அதிகாரி வருகிற நாளுக்காக அதை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொண்டது. இனிமேல் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். நிற்காமல் எப்படிச் சம்பாதிப்பது என்று அவர் சொல்லவில்லை. அவள் வீட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற நான்தான் அவளுக்கு பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். முன் அனுபவம் என்ற இடத்தில் 'நிற்பது' என்று போடச் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊருக்குக் கலை வந்தது. அதுவரை இங்கே அப்படி ஒன்று இல்லாததுபோல் பேனர் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தது. சென்னையில் கலைக் கல்லூரி முடித்த ஜெயப்ரியா என்ற பெண்ணும் அவளுடைய நண்பர்கள் இருவரும் ஓர் அறக்கட்டளையின் பழைய பட்டு நூல் கிடங்குக்கு வெள்ளையடித்து, உள்ளே முப்பதடி நீளத்துக்கு இழைகளை வரிசையாக இழுத்துப் பட்டுப் பாவு கட்டினார்கள். இழையோடு இழையாக மெல்லிய கம்பி. தொட்டால் தறிச் சத்தம் கேட்கும், சுவரில் வண்ணம் ஓடும். இதுவரை எத்தனை பேர் தொட்டார்கள் என்று ஒரு கேமரா எண்ணும், வாசலில் ஒரு திரை காட்டும். 'பார்வையாளரே இதன் நெசவாளர்' என்று ஒரு பலகை. ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே நெசவாளர்கள்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

காவலுக்கு ஆள் கேட்டார்கள். செல்லியம்மாள் போனாள். கதவோரம் ஒரு நாற்காலி இருந்தது, பிரம்பு பின்னிய, கை வைத்த நாற்காலி.

"இதுல உக்காந்துக்கிட்டு வர்றவங்கள பாத்துக்கங்க, அவ்ளோதான்கா" என்றாள் ஜெயப்ரியா.

அன்று மாலை செல்லியம்மாள் என் கடைக்கு வந்து அந்த நாற்காலியைப் பற்றியே அரை மணி நேரம் பேசினாள். அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்திருந்தது: பத்து நாளில் ஆயிரம் பேர் தொட்டால் இந்தக் காட்சி நிரந்தரம், அவள் வேலையும் நிரந்தரம். தொடாவிட்டால் கிடங்கைக் கார் நிறுத்த விட்டுவிடுவார்கள்.

ஊர் திரண்டு வந்தது. ஒருவரும் தொடவில்லை. முதல் நாள் அதற்குச் செல்லியம்மாளே காரணம். பழக்க தோஷத்தில் "தொடாதீங்கமா" என்று பத்துப் பேரைத் துரத்திவிட்டாள். ஆனால் மறுநாள் கெஞ்சிக் கேட்டும் யாரும் தொடவில்லை. எங்கள் தெருக்களில் விடியற்காலையில் பாவு விரித்திருந்தால் பைக்கில் வருகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவான். அடுத்தவர் பாவில் கை வைப்பது அடுத்தவர் அடுப்பில் கை வைப்பதுபோல. ஆகவே எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூலஸ்தானத்தைச் சுற்றுவதுபோல் சுற்றிவிட்டுப் போனார்கள்.

"சும்மா தொடுங்க தாத்தா" என்று தறிக்காரர் குப்புசாமியிடம் மன்றாடினாள் ஜெயப்ரியா.

"உன் பாவுல நான் ஏம்மா கை வெக்கணும்? நாளைக்கு இழ அறுந்தா எம் பேர சொல்லுவ."

நான்காம் நாள் திரை பதினேழு காட்டியது, எல்லாம் வெளியூர்க்காரர்கள். செல்லியம்மாள் தானே பலமுறை தொட்டுப் பார்த்தாள். கேமரா அவள் முகத்தை அடையாளம் வைத்து ஒன்று என்றே எண்ணியது.

ஐந்தாம் நாள் காலை, கதவைத் திறந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். கத்தரிக்கோலை எடுத்து நடுப் பாவில் மூன்று இழைகளை வெட்டினாள். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். வெட்டும்போது அழுதுவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

சற்று நேரத்தில் குப்புசாமி தன் மனைவிக்குக் காட்டுவதற்காக மறுபடியும் வந்தார். ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை, நின்றுவிட்டார்.

"இன்னாமா காவல் இது? இழ அறுந்து தொங்கிக்கினு இருக்குது, நீ வேடிக்க பாத்துக்கினு கீற! அந்த நாற்காலிய இப்டி தள்ளு."

உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்தார். தறிச் சத்தம் அதிர்ந்தது, சுவரெல்லாம் அரக்கும் பச்சையும் ஓடின. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அடுத்து வந்த தறிக்காரர், "இதெல்லாம் ஒரு பிணைப்பா?" என்று அவிழ்த்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து தன் கைவரிசையைக் காட்டினார். அதற்கு அடுத்தவர் அதையும் அவிழ்த்தார். சேதி தெருத் தெருவாகப் போயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம் திரை ஆயிரத்தைத் தாண்டியது. செல்லியம்மாள் ஐந்து நாளும் கதவோரம் நின்றாள். ஜெயிக்கிற சந்தோஷத்தில் கால்வலியைப் பொருட்படுத்தவில்லை.

காட்சி நிரந்தரமாயிற்று. இழை அறுந்ததைத் தானாக நடந்த அற்புதம் என்று பேட்டி கொடுத்தாள் ஜெயப்ரியா. கூடவே நாற்காலியைப் பாவின் நடுப்பக்கம் நகர்த்தித் தரையோடு திருகாணி போட்டு முடுக்கினாள். உட்கார்ந்தால் மேலே விளக்கு எரிகிற மாதிரி இருக்கையின் அடியில் ஏதோ வைத்தாள். செல்லியம்மாள் இன்னொரு நாற்காலி கேட்டாள்.

"ரெண்டு சேர் இருந்தா விசிட்டர்ஸ் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்கக்கா. எது ஆர்ட்டுன்னு தெரியாது."

போன வாரம் நானும் போனேன். என் வாழ்நாளில் தறிப் பக்கம் போனதில்லை, பிணைக்கவும் தெரியாது. செல்லியம்மாள் கதவோரம் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறி நின்றுகொண்டிருந்தாள்.

"நீ உக்காந்துக்கோ, நான் இப்டி ஓரமா நிக்கிறேன்" என்றேன்.

"நான் உக்காந்தா கணக்குல வராதுப்பா. ஏற்கெனவே எண்ணிட்டாங்க. நீ உக்காரு, நீ புதுசு."

எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது.