தங்கமணிக்கு நான் சொன்ன விடைகள்

பாதையில் ஆள் எண்ணி ஏற்றுகிற வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். எண்ணத் தெரிய வேண்டும், எண்ணியதைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்படாமல் இருக்க வேண்டும். முதலாவது எனக்கு நன்றாக வரும். இரண்டாவது இந்த அறுபத்தெட்டு வயதிலும் வரவில்லை.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பு வாவியைக் குறுக்கே கடக்கும் இரும்பு மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். எஞ்சின் பூட்டியது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம். மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் சனத்துக்கு வேறு வேலை இல்லை, அதனால் நொடி போடுவார்கள். விடுகதைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இதற்கு எங்கள் பாதையில் ஒரு வழக்கமும் உண்டு. விடை தெரியாதவர், நொடி போட்டவரின் சுமையைக் கரையிலிருந்து மேட்டில் உள்ள பஸ் தரிப்பு வரை தூக்கிப்போக வேண்டும். விடை சொல்லிவிட்டால், போட்டவர் அவருக்கு ஒரு வாய் வெற்றிலை கொடுக்க வேண்டும்.

எனக்கு நொடி போடுகிறவர் தங்கமணி. படுவான்கரையில் எருமைத் தயிர் வாங்கி, ஆறு மண் முட்டிகளைக் கூடையில் அடுக்கி, காலையில் எழுவான்கரைக்குக் கொண்டுபோய் விற்கிற பெண். புருசன் இல்லை. நாலு மாதமாக அவருடைய கூடையை நான் ஒருநாளும் தூக்கவில்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். பொதுசனத்தோடு பகல் முழுக்க நின்றுவிட்டு, வீட்டில் பாயில் படுத்த பிறகு "ஏன் அப்படிச் சொன்னேன்" என்று புரளுகிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆடு, நரி, புல்லுக்கட்டு

ஒருநாள் பாதையில் இருந்தவர்கள்: கணக்கு ரியூசன் மாஸ்டர் ஒருவர், தாதிமார் இருவர், கைக்குழந்தையோடு ஒரு புருசன் பெண்சாதி, கொத்துவேலைக்காரர் நால்வர், தங்கமணி. அதோடு எஞ்சின் ஓட்டுகிற குமார், கரையில் கயிறு எறிந்து கட்டுகிற நான். ஆகப் பதின்மூன்று பேர், ஐந்து மோட்டார் சைக்கிள்.

மாஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். ஒருவரிடம் ஆடு, நரி, புல்லுக்கட்டு மூன்றும் உண்டு. தோணியில் தன்னோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் நரி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். எல்லாவற்றையும் அக்கரை சேர்ப்பது எப்படி? "கடத்துறதுதானே உங்கட தொழில், ஐயா" என்றார். பதினொரு வருடமாக இதே வேலை செய்கிறவன் நான். மனத்துக்குள் ஆட்டை முதலில் கொண்டுபோனேன். பிறகு நரியைக் கொண்டுபோனேன். அங்கே ஆடு நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் தரம் ஆட்டோடு நடுவாவியில் நிற்கும்போது பாதை பெரிதாக ஒரு குலுங்கு குலுங்கியது. நான் கயிறு எறியவில்லை. பாதை இறங்குதுறையைத் தாண்டிப் போய்க் கல்லில் முட்டியிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. குழந்தை வீரிட்டு அழுதது. கயிறு என் கையிலேயே இருந்தது.

சைக்கிளை நிமிர்த்திய கொத்துவேலைக்காரர் கோபப்படவில்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது. "அண்ணே, ஆட்ட மறுகாக் கொண்டு போவம். முதல்ல எங்கள இறக்கி உடுங்க."

நாற்பத்தைந்து

குமாருக்கு என் எண்ணிக்கையைச் சோதிப்பதில் ஒரு சந்தோசம். ஒருநாள் பாதை புறப்பட்டதும் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினான்: "அண்ணே, ஆள் எண்ணுறது ஆராலயும் ஏலும். இப்ப பாதையில எத்தின கால்?" எங்களோடு சேர்த்து இருபத்துமூன்று பேர் என்பது ஏற்றும்போதே என் மனத்தில் இருந்தது. சைக்கிள் கால்களைச் சேர்க்கச் சொல்லி ஏமாற்றுவானோ என்று யோசித்து, "மனிசக் கால் மட்டும் நாப்பத்தாறு" என்றேன். வழக்கத்தை விடச் சத்தமாகவே சொன்னேன்.

கம்பியில் சாய்ந்து நின்ற ஒருவர், என்னை விடப் பத்து வயது குறைந்திருக்கும், சாரத்தை முழங்கால் வரை உயர்த்தினார். இடது கால் பிளாஸ்டிக். கிழமைக்கு இரண்டு தரம் எங்கள் பாதையில் வருகிறவர். சாய்ந்து நடக்கிறார் என்று கண்டிருக்கிறேன், ஏனென்று பார்த்ததில்லை. தலையை எண்ணுகிறவன் கீழே பார்ப்பதில்லை. குமாரும் அறியாமல்தான் கேட்டிருந்தான். அவன் முகம் கறுத்துப் போயிற்று. நான் மன்னிப்புக் கேட்கப் போய், "நாப்பத்தஞ்சு" என்று திருத்தினேன். இதை விடப் பிழையான ஒரு சொல்லை அந்த நேரம் தேடினாலும் எடுக்க முடியாது.

அவர் சாரத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார். "கவலப்படாதீங்க அண்ணே. விடிய எழும்பி நான் எண்ணினாலும் முதல்ல ரெண்டெண்டுதான் வாற."

மாப்பிள்ளைக்குப் போட்ட நொடி

கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண்ணோடு இரண்டு வீட்டாரும் ஏறினார்கள். அக்கரையில் இறங்க முன்பு, பெண்ணின் மச்சாள்மார் சேலை ஒன்றைக் குறுக்கே பிடித்து மாப்பிள்ளையை மறித்தார்கள். நொடியை அவிழ்த்தால்தான் இறங்க விடுவார்களாம். "கதவு ரெண்டு, பூட்டு ஒண்டுமில்ல. உள்ளுக்க இருக்கிற ஆள் மனம் வச்சாத்தான் திறக்கும். அது என்ன?"

மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்தபடி வேர்த்துக்கொண்டு நின்றார். நான் கூச்சக்காரன், நாலு பேர் முன் பேச மாட்டேன். ஆனால் விடை தெரிந்துவிட்டால் அது என் வாயில் நிற்காது, கல்லு மாதிரி உருளும். எனக்குள்ளே சொல்வதாக நினைத்து "மட்டி" என்றேன். வாவியில் கிடக்கும் அந்தச் சிப்பிதான் விடை. அந்த நேரம் பார்த்துக் குமார் எஞ்சினை நிறுத்தினான். என் குரல் பாதை முழுக்கக் கேட்டது. சேலை பிடித்திருந்த கைகள் தொய்ந்தன. மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

பெண் வீட்டு மாமி ஒருவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "இவ்வளவு செலவழிச்சுக் கலியாணம் செஞ்சதுக்கு, புள்ளைய இந்தக் கிழவனுக்கே கட்டிக் குடுத்திருக்கலாம் போல கிடக்கு!"

போனுக்கும் தெரியாதது

தங்கமணியின் நொடிகள் இலேசானவை அல்ல. கிழமைக்கு ஒன்றோ இரண்டோ வரும். படுவான்கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்ததும் கூடைக்குப் பக்கத்தில் இருந்தபடி, "அண்ணே, ஒண்டு கொண்டு வந்திரிக்கன்" என்பார். அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். விளையாட்டில் உள்ள ஆசை என்று நினைத்தேன். நடுவாவிக்கு முன்பே விடையைச் சொல்லி வெற்றிலைக்குக் கை நீட்டுவேன்.

ஒருநாள் மட்டும் தடக்கிவிட்டது. "போகேக்கயும் முன்னால போவான், வரேக்கயும் முன்னால வருவான். திரும்ப மட்டும் தெரியா. ஆர்?" கரை கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் தாதி ஒருவரிடம் போய், போனில் தேடிப் பார்க்கும்படி இரகசியமாகக் கேட்டேன். அவர் தேடிவிட்டு இரகசியம் இல்லாமல் சொன்னார்: "ஐயா, போனுக்கும் தெரியாதாம்." தோற்றுவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒருநாள் தவணை கேட்டேன். தங்கமணி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். வீட்டில் என் மனிசிதான் சோறு போட்டபடி விடையைச் சொன்னாள்: பாதை. உண்மைதானே, அது திரும்புவதில்லை. இரண்டு பக்கமும் அதற்கு முன்பக்கம்தான். மறுநாள் அதை என் விடையாகச் சொல்லி வெற்றிலையும் வாங்கினேன்.

வெற்றிலையை நீட்டியபோது தங்கமணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிண்டு வேலை செய்யிற இடத்தக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு ராப்பொழுது தேவைப்பட்டிரிக்கி, அண்ணே."

உடைந்த முட்டி

இருபத்தேழாவது நொடி இது: "நிண்ட இடத்திலயே நிப்பான், நீந்தத் தெரியா. ஊருக்கெல்லாம் மீன் பிடிச்சுக் குடுப்பான், தின்னத் தெரியா." நான் வாயால் சொல்லவும் இல்லை. வாவியில் வரிசையாக நின்ற வலைக் கம்புகளைக் கையால் காட்டினேன். பாதையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தங்கமணி வெற்றிலை தந்தார். கையை நீட்டும்போது மற்றக் கையால் வலது தோளைப் பிடித்திருந்தார். அதைக் கண்டேன். கண்டதோடு சரி.

எழுவான்கரையில் எல்லாரும் இறங்கிச் சைக்கிளில் பறந்துவிட்டார்கள். கயிற்றைக் கட்டிவிட்டால் எனக்குப் பத்து நிமிடம் வேலை இல்லை. கம்பியில் சாய்ந்து அவர் தந்த வெற்றிலையைச் சப்பிக்கொண்டு, அவர் மேட்டில் ஏறுவதைப் பார்த்திருந்தேன். இடுப்பில் கூடை. வலது கை கூடையின் விளிம்புக்கு உயரவில்லை. இடது கையால் மட்டும் அணைத்திருந்தார். பாதி மேட்டில் கூடை சரிந்து ஒரு முட்டி வெளியே பாய்ந்தது. வெள்ளைத் தயிர் சரளைக் கல்லில் ஓடியது. அவர் குனிந்து ஓட்டுத்துண்டுகளை ஓரமாக ஒதுக்கினார், ஆரும் மிதிக்கக்கூடாதென்று. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்து குமார் எழும்பி வந்து என் அருகில் நின்றான். அவனுக்கு முப்பது வயதுதான் இருக்கும். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன், அன்றும் உயர்த்தவில்லை. "நாலு மாசமா அந்த மனிசி உங்களட்ட உதவி கேக்குது, அண்ணே. நீங்க விடை சொல்லிக்கொண்டு நிக்கிறீங்க."

சத்தமாகச் சொன்னது

அடுத்த நாள் அவர் ஏறியதும் பக்கத்தில் போய், "கூடைய நான் கொண்டு வாறன், தங்கமணி" என்றேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னத்துக்கு? தோத்தது நான். சும்மா தூக்கினீங்களெண்டா சனம் கதைக்கும். கதை என்ட மகன்ட காதுக்குப் போனா, கை ஏலாதெண்டு அவனுக்குத் தெரிஞ்சிரும். யாவாரத்த உட்டுட்டு ஊட்ட இரு எண்டு சொல்லிப் போடுவான். ஊட்ட இருந்து நான் ஆர்ர முகத்தப் பாக்கிற?" பாதையில் நொடியில் தோற்றுத் தூக்கினால் அது விளையாட்டு, ஒருவரும் கேட்கமாட்டார்கள். இது எனக்கு இருபத்தேழு நொடிகளுக்குப் பிறகு விளங்கியது. "அப்ப இண்டைக்கு ஒண்டு போடுங்க" என்றேன்.

நல்ல வெயில். பாதையில் பாதிப் பேர் குடை பிடித்திருந்தார்கள், தங்கமணியும் பிடித்திருந்தார். அவர் கொஞ்சம் யோசித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "மழைக்கும் விரிவான், வெயிலுக்கும் விரிவான். ஊட்டுக்க வந்தா ஒடுங்கிப் போவான். அது என்ன, அண்ணே?" பாலர் வகுப்புப் பிள்ளைக்குப் போடுகிற நொடி. விடை என் நாக்கின் நுனியில் நின்று துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சனம் திரும்பி என்னைப் பார்த்தது. கொத்துவேலைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, தன் குடையை என் மூக்குக்கு முன் ஆட்டினார். ரியூசன் மாஸ்டர், "ஐயாவுக்கு வயசு போயிற்று" என்றார். நான் தலையைக் குனிந்தபடி, "தெரியா" என்றேன். தங்கமணியின் முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கண் சிரித்தது.

"சத்தமாச் சொல்லுங்க, அண்ணே. பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

சத்தமாகச் சொன்னேன், கூடையையும் தூக்கினேன். அன்றிலிருந்து ஒன்பது தரம் தோற்றிருக்கிறேன், ஆக இருபத்தேழில் ஒன்பது போக, என் கணக்குப்படி எனக்கு இன்னும் பதினெட்டுத் தரம் ஒன்றுமே தெரியாது.